பொன்னி மிஷினும் முப்பது இல்லையும்

அடி அண்ணாமலையில் கஸ்தூரி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கணக்கெடுக்கிற அம்மா வீடு என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். பதினாறு வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. மாட்டுக் கணக்கு, கழிப்பறைக் கணக்கு, புகையிலை போடுகிறவர்கள் கணக்கு என்று எது வந்தாலும் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வயது நாற்பத்து நாலு. பன்னிரண்டாவது வரை படிப்பு. புருஷன் வேடியப்பன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூட்டம் வந்தால் அவனுக்கு வரும்படி, கணக்கெடுப்பு வந்தால் அவளுக்கு வரும்படி. இரண்டும் வராத மாதத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் கம்மியாகப் பேசிக்கொள்வார்கள்.

அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. ஒரு படிவத்தைக்கூட வீட்டில் உட்கார்ந்து நிரப்பியதில்லை. இந்த வேலையில் இருக்கிறவர்களில் பலபேர் அதைச் செய்வார்கள். நாலு வீட்டுக்குப் போவார்கள், மீதி ஆறு வீட்டை டீக்கடை பெஞ்சிலேயே முடித்துவிடுவார்கள். கேட்க நாதி கிடையாது. கஸ்தூரிக்கு மட்டும் அது ஒத்துவராது. மாட்டுக் கணக்கின்போது நாய் கடித்த வீட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டு மறுபடியும் போனாள். அந்த நாயையும் கணக்கில் சேர்த்தாயா என்று வேடியப்பன் கிண்டல் செய்தான். அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது, சேர்த்துவிட்டேன் என்றாள் முகம் மாறாமல்.

இந்தத் தடவை வந்த கணக்கு வேறு மாதிரி. வெறும் உழைப்பையும் நிலத்தையும் நம்பி இருக்கிற நாடு, புதுப் புது யோசனைகளை வைத்துச் சம்பாதிக்கிற நாடாக மாறவேண்டுமாம். மாறுகிறதா, மாறினால் எந்த அளவுக்கு என்று அளக்கவேண்டுமாம். அதற்கு டில்லியில் யாரோ ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சின்னச் சின்னத் தொழில் நடத்துகிறவர்களிடம் போய், கடைசி மூன்று வருஷத்தில் புதிதாக ஏதாவது பொருள் செய்தீர்களா, செய்கிற விதத்தில் புதுமை உண்டா என்று கேட்பது. ஆமா என்றால் மேலே பதினேழு கேள்வி. இல்லை என்றால் படிவம் அங்கேயே முடிந்துவிடும். கேள்வியை எழுதியிருக்கிறபடி படிக்கவேண்டும், விளக்கம் சொல்லக்கூடாது, உதாரணம் காட்டக்கூடாது, பதிலை நீ எடுத்துக் கொடுக்கவே கூடாது என்று வேலூரில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, விரலால் தொட்டு நிரப்ப ஆளுக்கு ஒரு டேப்பும் கொடுத்து அனுப்பினார்கள்.

கஸ்தூரிக்கு வந்த பட்டியலில் முப்பது பெயர். திருவண்ணாமலை டவுனில் கொஞ்சம், கீழ்பென்னாத்தூர் பக்கம் கொஞ்சம்.

இந்த ஊர்க்காரனிடம் ஒருத்தி டேப்பும் கையுமாக வந்து, புதுசா என்ன செய்தாய் என்று கேட்டால், என்ன தப்பு செய்தாய் என்று கேட்பதாகத்தான் அவன் காதில் விழும். ரஸ்க் போடுகிறவர், எல்லாம் பழைய ரஸ்க்தான், லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கற்பூர வில்லை அடிக்கிறவர், கற்பூரத்தில் புதுசு என்ன புதுசு, எரியும், அவ்வளவுதான் என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே, மலை சுற்றுகிறவர்கள் வாங்குவதற்காகப் போன வருஷம் முதல் போடுகிற ஐந்து வில்லைப் பாக்கெட்டு மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அதைக் காட்டி இது என்ன என்று கேட்க விதி இடம் கொடுக்கவில்லை. கஸ்தூரி இல்லை என்ற கட்டத்தைத் தொட்டாள். அரிசி மில்காரர் ஒருவர்தான் நெஞ்சை நிமிர்த்தி, கேமரா வைத்துக் கறுப்பு அரிசியைப் பொறுக்குகிற மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்றார். எப்போது வாங்கினீர்கள் என்றாள். நாலு வருஷம் ஆகிறது என்றார். அதுவும் இல்லை.

பன்னிரண்டு நாளில் முப்பது இடமும் முடிந்தது. முப்பதும் இல்லை.

அனுப்பி ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் அறிவுச்செல்வன் போன் செய்தான். இருபத்தாறு வயதுப் பையன், அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் பேசுவான். அன்றைக்கு மரியாதை கொஞ்சம் சுற்றி வளைத்து வந்தது.

"அக்கா, முப்பதுமே இல்லைனு போட்டிருக்கீங்க."

"அவங்க இல்லைனாங்க, போட்டேன்."

"போளூர் பக்கம் பாக்கறவரு ஒம்போது ஆமா புடிச்சிருக்காரு. உங்களுது ஒண்ணுகூட இல்லன்னா மேல இருக்கறவங்க என்ன நெனப்பாங்க? இல்லைன்னா சீக்கிரம் முடியும், அதனால வீட்ல ஒக்காந்து தட்டிட்டாங்கன்னுதானே நெனப்பாங்க."

கஸ்தூரிக்குக் காது சுட்டது. பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவன் விஷயத்தைச் சொன்னான். இப்படி ஒரே மாதிரி வருகிற படிவக் கட்டு தானாகவே மறுசோதனைக்குப் போய்விடும். சென்னையிலிருந்து அதிகாரி வந்து மூன்று இடத்தில் அதே கேள்வியைக் கேட்பார். வீட்டில் நிரப்பியது என்று முடிவானால் அவள் பெயரைக் கணக்கெடுக்கிறவர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். ஒரு தடவை அடித்தால் அடித்ததுதான். அடுத்து குடிநீர்க் குழாய்க் கணக்கு வருகிறது, அதற்கும் ஆள் எடுப்பது அதே பட்டியலிலிருந்துதான்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் நின்றாள். வேலை போவது ஒரு பக்கம். பொய்க் கணக்கு எழுதினவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. முப்பது பெயரையும் மனசுக்குள் ஓட்டினாள். கீழ்பென்னாத்தூர் ஹபீப் முகம்மது பட்டறை வந்ததும் ஓட்டம் நின்றது.

ஹபீப் பாய் விவசாயத்துக்கான மிஷின் செய்கிறவர். அவர் அப்பா காலத்திலிருந்து அதே இடம், தகரக் கொட்டகை, வெல்டிங் புகை. நிலக்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். அதை உடைக்கிற மிஷினில் பாய் கைதேர்ந்தவர். அவளிடம் முதல் நாள் இல்லை என்று சொன்னபோது அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் நின்ற மிஷினை அவள் பார்த்திருந்தாள். வழக்கமான கைப்பிடியோடு மொபெட் பிரேக் பிடி மாதிரி ஒன்று சேர்த்து வைத்திருந்தது. மஞ்சள் பெயிண்டில் 'பொன்னி' என்று எழுதியிருந்தது.

அது அந்தப் பட்டறையின் வழக்கம். எவர் வந்து இதை இப்படி மாற்றிக் கொடு என்று கேட்கிறாரோ அவர் பெயரை மிஷின்மேல் எழுதிவிடுவார் பாய். பிறகு அதே மாதிரி பத்துப் பேருக்குச் செய்தாலும் பத்திலும் அந்தப் பெயர்தான். பலராமன் சல்லடை என்று ஒன்று உண்டு, ராணியம்மாள் கத்தி என்று ஒன்று உண்டு. பலராமன் செத்துப் பல வருஷம் ஆகிறது, சல்லடை இன்னும் அவர் பெயரில்தான் விற்கிறது. பாய்க்கு இதில் பெருந்தன்மை எல்லாம் கிடையாது. யோசனை ஒருத்தருடையது, வெல்டு என்னுடையது, வெல்டு விட்டுப்போனால் என்னைக் கேள் என்பது அவர் கணக்கு.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது கஸ்தூரி பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனாள். இப்படிப் போவது விதிப்படி தப்பு என்று தெரிந்தேதான் போனாள். பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீக்கு ஆள் அனுப்பினார். அவள் கேள்வியை மறுபடியும் அப்படியே வாசித்தாள். அவர் மறுபடியும் இல்லை என்றார். அவள் பொறுமை விட்டுப்போய்ப் பொன்னி மிஷினைக் கையால் காட்டினாள். அது பொன்னி செய்தது என்றார் பாய். எப்படி என்று கஸ்தூரி கேட்டதற்கு, கதையாகவே சொன்னார்.

பொன்னி ஆவூர் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மல்லாட்டை போடுகிறவள். மிஷினில் உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிளக்கிறது, தோல் கிழிகிறது. எண்ணெய்க்கு அது போதும், விதைக்கு ஆகாது. விதைக்கென்று கையால் உடைக்க எட்டுப் பத்து பெண்கள் வேண்டும், ஆள் கிடைப்பதில்லை. ஒருநாள் கிழிந்த டயர் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். இரும்புக்குப் பதில் இதை வை என்றாள். தன் மொபெட்டின் பிரேக்கைப் பிடித்துக் காட்டி, இதைப் போல லேசாகப் பிடித்தால் லேசாக நெருக்கவேண்டும், பொடிக் காய் வரும்போது நானே பிடித்துக்கொள்வேன் என்றாள். மிஷின் என்ன உன் மாமியாரா, நீ நினைத்தபோது நெருக்க என்று பாய் திட்டி அனுப்பினார். அவள் மறுவாரமும் வந்தாள். ஐந்து தடவை செய்து, நாலு தடவை பிரித்துப் போட்டு, கடைசியில் ஓடிற்று. இதுவரை பதின்மூன்று மிஷின் போயிருக்கிறது.

கஸ்தூரி டீயைக் குடித்து முடித்தாள். பிறகு தன் கஷ்டத்தைச் சொன்னாள். வீட்டில் உட்கார்ந்து எழுதினாள் என்று சொல்லப்போகிறார்கள் என்றாள். பாய்க்கு மற்றதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, அது நன்றாகப் புரிந்தது.

"இவ்ளோதானா? அந்த ஆபீசர் வந்தா ஆமான்னுடறேன். நீ போம்மா."

அவள் வாயைத் திறந்து, அப்படிச் சொல்லச் சொல்லவில்லை பாய் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

பஸ் பாதி வழி வந்திருக்கும். சோதனை எப்படி நடக்கும் என்று விசாரிக்கலாமே என்று அறிவுச்செல்வனுக்குப் போன் போட்டாள். அதிகாரிக்குக் கிடைக்கும் பதிலை அவள் ஏற்கனவே அனுப்பிய பதிலோடு வைத்துப் பார்ப்பார்கள் என்றான் அவன். அவள் எழுதியது இல்லை என்றால் அங்கேயும் இல்லை என்றுதான் வரவேண்டும். மூன்றில் ஒன்று மாறினால்கூட மொத்தக் கட்டும் போய்விடும்.

அப்போதுதான் அவளுக்குத் தன் புத்தி விளங்கியது. இல்லை என்று இருந்ததால் பயந்தாள். அந்த இல்லைதான் அவளைக் காப்பாற்ற வேண்டியது. பதினாறு வருஷம் ஒருத்தர் வாயிலும் வார்த்தையை வைக்காதவள், வைத்த ஒரே தடவை தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். பாய்க்கு ஐந்து தடவை போன் போட்டாள். பட்டறை சத்தத்தில் அவர் எங்கே எடுக்கப்போகிறார். இரவு ஒரு தடவை எடுத்தார். கவலைப்படாதே, எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளைப் பேசவிடாமல் வைத்துவிட்டார். திருப்பிப் போடலாம் என்று விரல் போயிற்று. ஆமா சொல்லு என்று ஒரு நாள், இல்லை சொல்லு என்று மறுநாள், நான் என்ன மனுஷி என்று போனைக் கீழே வைத்தாள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் அதிகாரி வந்தார். ஊரில் ஒரு லாட்ஜிலும் அறை கிடைக்காது என்பதால் விடிகாலை பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். பெயர் இனியன், முப்பது சொச்சம் வயது, அதிர்ந்து பேசாத ஆள். டேப் தானாக மூன்று பெயரைப் பொறுக்கியிருந்தது. ரஸ்க், கற்பூரம், மூன்றாவது ஹபீப் முகம்மது பட்டறை. கஸ்தூரி கூட வரலாம், ஆனால் வெளியே நிற்கவேண்டும், வாய் திறக்கக்கூடாது.

ரஸ்க்காரர் இன்றைக்கும் லைசென்ஸைக் காட்டி இல்லை என்றார். கற்பூரக்காரர் அதேபோல் இல்லை என்றார். இரண்டும் பொருந்தின. கீழ்பென்னாத்தூரில் இறங்கியதும் கஸ்தூரி பின்தங்கியே நடந்தாள்.

பாய் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரி கேள்வியைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் பதில் வந்தது.

"ஆமா. பண்ணிருக்கோம்."

வாசல் தகரத்துக்குக் கீழே நின்ற கஸ்தூரிக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே அவரும் சொன்னார்.

அதிகாரி டேப்பைப் பார்த்தார். போன மாதம் இல்லை என்று சொன்னதாக இருக்கிறதே என்று கேட்டார். சொன்னேன், மனுஷன் யோசித்துப் பார்த்து மாற்றிச் சொல்லக்கூடாதா என்றார் பாய். தாராளமாகச் சொல்லலாம், யாராவது யோசிக்கச் சொன்னார்களா என்றார் அதிகாரி. பாய்க்கு இரும்பை வளைக்கத் தெரியும். பேச்சை வளைக்கத் தெரியாது. வாசல் பக்கம் பார்த்தார்.

கஸ்தூரி உள்ளே வந்தாள்.

"நான்தாங்க. முந்தாநாள் வந்து கேட்டேன்."

"ஏன் வந்தீங்க?"

"முப்பதும் இல்லைன்னா வீட்ல ஒக்காந்து எழுதினேன்னு சொல்லுவீங்கன்னாங்க."

"இப்ப இவரு ஆமான்னா?"

"அப்பவும் அதேதான் சொல்லுவீங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினார். பிறகு பாயைப் பார்த்து, இந்தம்மா வந்ததை மறந்துவிடுங்கள், என்னவெல்லாம் செய்தீர்கள் என்று காட்டுங்கள் என்றார். பாய் மிஷினை ஓட்டிக் காட்டினார். ஒரு கூடை மல்லாட்டை உள்ளே போயிற்று. பிரேக் பிடியை அதிகாரியே பிடித்துப் பார்த்தார், விட்டார், மறுபடியும் பிடித்தார். கீழே விழுந்த பருப்பைக் கையில் அள்ளித் தோல் கிழியாமல் இருப்பதைப் பார்த்தார். விதிப் புத்தகத்தின்படி இது சந்தேகமே இல்லாமல் ஆமாதான் என்றார்.

கஸ்தூரி தரையைப் பார்த்தாள். குழாய்க் கணக்கு போயிற்று. அதற்குப் பிறகு வருவதெல்லாம் போயிற்று. வேடியப்பனிடம் என்னவென்று சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார். இந்தப் புதுமையை உருவாக்கியது யார் என்பது கேள்வி. பதிலுக்கு நாலு கட்டம். உங்கள் நிறுவனம், வேறு நிறுவனம், கல்லூரி அல்லது ஆராய்ச்சி நிலையம், அரசுத் துறை.

பொன்னி என்று போடுங்கள் என்றார் பாய். அதற்குக் கட்டம் இல்லை என்றார் அதிகாரி. விவசாயி என்றாவது போடுங்கள் என்றார். அதுவும் இல்லை. செய்தது உங்கள் பட்டறையில்தானே, முதல் கட்டத்தைப் போட்டுவிடுகிறேன் என்று அதிகாரி விரலை நீட்டினார். பாய் அவர் கையைப் பிடிக்காத குறைதான்.

"அதெப்படி சார்? பத்து கிராமத்துல பொன்னி மிஷின்னு ஓடுது. கவர்மெண்ட் காயிதத்துல மட்டும் ஹபீப் மிஷினா? நாளைக்கு அந்தப் பொம்பள வந்து நின்னா மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?"

அதில் யார் பெயரும் வெளியே வராது, வெறும் எண்ணிக்கைதான், அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்று அதிகாரி பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்குத் தெரியுமே என்றார் பாய். பொன்னி ஒரு நிறுவனம் இல்லை என்றார் அதிகாரி. அவள் தலையில் இருந்ததுதானே மிஷினுக்குள் இருக்கிறது என்றார் பாய். இப்படியே கால்மணி நேரம் போயிற்று. நாலில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மறுசோதனை என்பதால் முடிவில் பாய் போனுக்கு வருகிற ஓடிபி எண்ணை அவர் வாயால் சொன்னால்தான் படிவம் மூடும். பொய்யான கட்டத்துக்கு எண் தரமாட்டேன் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

பிறகு பாய்தான் கேட்டார். இல்லை என்று போட்டால் இந்தக் கேள்வி வருமா? வராது என்றார் அதிகாரி. அப்படியே முடிந்துவிடும்.

"அப்ப இல்லைனே போடுங்க. மொதல்ல சொன்னதுதான் நெசம்."

கஸ்தூரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பித்தோம் என்று ஒரு பக்கம் நெஞ்சு தளர்ந்தது. இப்படியா தப்பிக்கவேண்டும் என்று இன்னொரு பக்கம் உறுத்தியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"பாய், எனக்காக மாத்தாதீங்க."

"உனக்காக மாத்துனது அந்த ஆமா. இது எனக்காக."

அதிகாரி பாயை ஒரு தடவை பார்த்தார், மிஷினை ஒரு தடவை பார்த்தார். சொல்கிறவர் வாயில் வருவதுதான் பதில் என்று இல்லை என்ற கட்டத்தைத் தொட்டார். பாய் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்கு எட்டப் பிடித்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றும் பொருந்திவிட்டது. கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் அதிகாரி கஸ்தூரி இரண்டாம் தடவை வந்ததை எழுதினார். எழுதாமல் விடமுடியாது என்று அவளிடமே சொன்னார். அதற்கடியில் அந்த மிஷினைப் பற்றியும் நாலு வரி எழுதினார். இந்த இடத்தைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை என்றும் சொன்னார். பிறகு பாய் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கூட்டம் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று போய்விட்டார்.

பதினோரு நாள் கழித்து அறிவுச்செல்வன் கூப்பிட்டான். கட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவள் நேரில் போய்க் கேட்டது உண்மை என்று தெரிந்துவிட்டது. விதியை மீறி மறுபடி போனதற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். பெயர் பட்டியலில் இருக்கிறது. போளூர்க்காரரின் ஒன்பது ஆமாவை யார் சோதித்தார்கள் என்று கஸ்தூரி கேட்டாள். ஆமாவும் இல்லையும் கலந்து வந்தால் சோதனைக்கே போகாது அக்கா என்றான்.

அன்று சாயங்காலம் வேடியப்பன் சாப்பிட உட்கார்ந்தவன், அப்ப நம்ம நாடு எந்த அளவுக்கு முன்னேறியிருக்காம் என்று கேட்டான்.

"கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்துச்சு. கட்டம் இல்லைனு திரும்பிப் போயிடுச்சு."

அவன் விளங்காமல் அவளைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்றான்.

எச்சரிக்கைக் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. கஸ்தூரி அதை இரண்டு தடவை படித்தாள். எழுதியிருந்தது அத்தனையும் நடந்ததுதான். கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, குழாய்க் கணக்குக்குப் பை வாங்கக் கிளம்பினாள்.